புள்ளடி போட்ட இடம்

ஒரு வரிதான் நிரம்பியிருந்தது. வதனி மடியில் கிடந்த தாளை மூன்றாம் தரமும் மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள், வைத்த கை வெளியே வராமல் உள்ளுக்குள்ளேயே நின்றது, திரும்ப எடுத்து விரித்தாள். ஒரு பெட்டி, பெட்டிக்குள் நாலு வரி, முதல் வரியில் மட்டும் எழுத்து, மற்ற மூன்றும் வெறும் கோடு. அவளுக்கு இங்கிலீசு வாசிக்க வராது என்று சொன்னால் அது முழுக்கச் சரியில்லை. பஸ்ஸின் நெற்றியில் ஓடுகிற பெயரை வாசிப்பாள், தான் வேலை செய்கிற, பாண் சுடுகிற பக்டரியில் எந்தப் பெட்டி எந்த லொறிக்கு என்று வாசிப்பாள், மகளின் பெயரை எங்கே கண்டாலும் வாசிப்பாள். இந்தத் தாளின் தலைப்பில் நிருஜாவின் பெயர் இருந்தது, அவள் படிக்கிற கொலிஜின் பெயர் இருந்தது, பிறகு இலக்கங்கள். இலக்கம் எந்தப் பாஷையிலும் இலக்கம்தானே. 1,874.60. அதற்குப் பக்கத்துப் பெட்டியில் தனியாக ஒரு 4. நாலு மாதம். செப்டெம்பரில் தொடங்கி டிசெம்பரில் முடிகிற நாலு மாதம், அதையும் அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாயிற்று. ஆனால் கட்டினது அதுவல்ல. ஓகஸ்டில் இரண்டாயிரத்து நூறு, நொவெம்பரில் ஆயிரத்து எண்ணூறு. கூட்டினால் எட்டு மாதத்துக்கு மூவாயிரத்துத் தொளாயிரம். இரண்டாம் தரம் கட்டினபோது கடைவாய்ப் பல்லைப் பிறகு பார்ப்பம் என்று விட்டது அவளுக்கு நல்ல ஞாபகம், ஏனென்றால் அந்தப் பல் இப்பவும் ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தது. நாக்கு அங்கே போய்ப் போய் வந்தது. மூவாயிரத்துத் தொளாயிரத்துக்குப் படிக்கிறேன் என்று சொன்ன பிள்ளைக்கு, ஆயிரத்து எண்ணூற்றி எழுபத்து நாலுக்குத்தான் படித்தாள் என்று கொலிஜே கடதாசி தந்திருக்கிறது. மிச்சம் எங்கே. மிச்சக் காசு எங்கே என்றுகூட அவள் நினைக்கவில்லை. மிச்ச மாதம் எங்கே.

கையில் இருந்த துண்டில் பதினேழு என்று எழுதியிருந்தது. இப்போது உள்ளே இருப்பது பதின்மூன்றாம் நம்பர். ஸ்காபரோவில் மார்ச் மாதம் பிறந்தால் டாக்ஸ் குடுக்கிற சனமெல்லாம் சண்முகரத்தினத்தாரிடம்தான் வரும், மளிகைக் கடைக்குப் பின்பக்கம் இந்தச் சின்ன அறை, சுவரோரம் ஆறு கதிரை, கடைப் பக்கமிருந்து வறுத்த மிளகாய்த்தூள் மணம், ஆளாளுக்குக் காலடியில் கரைந்த சேறும் பனியும். மணி ஒன்பதரை. நிருஜா ஏழு பத்துக்கு வெளிக்கிட்டுப் போனாள். ஒவ்வொரு நாளும் ஏழு பத்து. போன வருசம் அப்படியில்லையே, போன வருசம் பத்து மணிக்குத்தானே போவாள், வகுப்பு பிந்தித்தான் என்று சொல்லித் தலை வாரி இழுத்துக்கொண்டு நிற்பாள், தை பிறந்த பிறகுதானே இந்த ஏழு பத்து. இது ஏன் எனக்கு முந்தித் தட்டவில்லை. பை பாரமாயில்லையே பிள்ளை என்று கேட்டபோது புத்தகமெல்லாம் இப்ப கொம்பியூட்டருக்குள்ளை அம்மா என்றாள். சரி என்று விட்டாயிற்று. ஜக்கற் எண்ணெய் மணக்குது என்று கேட்டபோது பஸ்ஸிலை ஆரோ சாப்பிட்டிருக்கினம் என்றாள். சரி. ஒவ்வொரு நாளுமா ஒருவர் பஸ்ஸில் பொரித்தது சாப்பிடுவார், அதுவும் அவளுக்குப் பக்கத்தில் இருந்து. பெப்ரவரியில் ஒரு கிழமை மேல்வீட்டுப் பெட்டை வீட்டில் நின்றது, அதுவும் அதே கொலிஜ், லீவு அன்ரி என்று படிக்கட்டில் சொன்னது, அந்தக் கிழமையும் நிருஜா ஏழு பத்துக்குப் போனாள். அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டும். கேட்க வாய் வந்தது, பிள்ளை காலணியைக் கழற்றாமலே சோபாவில் நித்திரையாகிப் போனாள், நித்திரையில் இருக்கிற பிள்ளையை எழுப்பி நீ எங்கே போய் வருகிறாய் என்று எப்படிக் கேட்கிறது. காலணியைக் கழற்றிவிட்டுப் போர்வை போட்டாள். அவ்வளவுதான் செய்தாள்.

பக்கத்துக் கதிரையில் இருந்தவ பவளமக்கா. வதனியோடு பாண் பக்டரியில் முந்தி வேலை செய்தவ, இப்போது முழங்கால் ஏலாமல் வீட்டில். கையில் மூன்று பிளாஸ்டிக் கோப்பு, ஒவ்வொன்றிலும் ஒரு மகனின் கடதாசி. வந்த நேரம் தொட்டு அவவுக்கு வாய் மூடவில்லை. தன்ரை மூத்தவனுக்குப் போன வருசம் எவ்வளவு திரும்பி வந்தது, மருமகள் அதை எப்படி இரண்டு கிழமையில் முடித்தாள், சண்முகரத்தினத்தார் தலைக்கு மை பூசத் தொடங்கினதில் ஏதோ விசயம் இருக்கிறது, எல்லாம் சொல்லி முடிந்தது. வதனி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். ஆட்களோடு கதைக்க அவளுக்கு எப்பவும் கூச்சம், ஆட்டுகிற தலைதான் அவளுடைய பாதிக் கதை. பிறகு பவளமக்காவின் கண் மடிக்குப் போனது. நிருஜா இப்ப கொலிஜோ, என்ன படிக்கிறாள், ரத்தம் சோதிக்கிற படிப்போ, நல்லது நல்லது என்றவ, அதே மூச்சில் தன்ரை ஒன்றுவிட்ட தம்பியின் பெடியனைப் பற்றித் தொடங்கினா. தினமும் காலமை சேர்ட் ஸ்திரி போட்டுக்கொண்டு யூனிவேர்சிற்றிக்குப் போனவனாம். தாய் சாப்பாடு கட்டிக் குடுப்பாளாம். ஒரு வருசம். பார்த்தால் மோலில் சாப்பாட்டுக் கடைப் பக்கம் மேசையில் இருந்து, தாய் கட்டிக் குடுத்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, படுத்து எழும்பி வந்தவனாம். “டாக்ஸ் கடதாசிதான் காட்டிக் குடுத்தது. ஒரு கடதாசியும் வரேல்லை எண்டு தேப்பன் கேட்கப் போய்த்தான் ஆள் பிடிபட்டது” என்று சொல்லிப் பவளமக்கா தொடையில் தட்டிச் சிரித்தா. வதனியும் சிரித்தாள். சிரித்த வாயால் குளிர்காற்றுப் போய்ப் பல்லில் பட்டது. அவனுக்கு ஒரு கடதாசியும் வரவில்லை. நிருஜாவுக்கு ஒரு வரி வந்திருக்கிறது. ஒரு வரி என்றால் பாதி. பாதி வரைக்கும் உண்மை, அதற்குப் பிறகு இல்லை. தாளை எடுத்துக் கோடுகளைப் பார்த்தாள். வெறும் கோடு மூன்று.

வெறும் கோட்டைக் கண்டால் அவளுக்கு ஏன் இப்படி ஆகிறது என்றால், இன்னொரு தாளும் அப்படித்தான் இருந்தது. ஊரில் அவளுடைய தேர்ச்சி அறிக்கை, ஆறாம் வகுப்பு. முதலாம் தவணை என்ற இடத்தில் ரீச்சரின் சிவப்பு மை, கணிதம் எண்பத்தொன்று, தமிழ் எழுபத்து நாலு, இங்கிலீசு நாற்பது. இரண்டாம் தவணை என்ற இடம் வெறுமை. மூன்றாம் தவணையும் வெறுமை. ஷெல் விழுந்து இடம்பெயர்ந்த பிறகு பள்ளிக்கூடம் இருந்த இடமும் இல்லை, ரீச்சரும் இல்லை. அந்த மட்டையை அவள் சொப்பிங் பையில் போட்டு நாலு இடம் கொண்டு திரிந்தாள், இரண்டாம் தவணையை ஆராவது நிரப்புவார்கள் என்று. ஒருவரும் நிரப்பவில்லை, கடைசியில் மழையில் ஊறிச் சிவப்பு மை எல்லாம் பரவி, எண்பத்தொன்று எது நாற்பது எது என்று தெரியாமல் போனது. பதினெட்டு வயதில் கையில் நிருஜா. இந்த நாட்டுக்கு வரும்போது நிருஜாவுக்கு நாலு வயது. பிள்ளை முதலாம் வகுப்பில் படித்த இங்கிலீசுதான் இந்த வீட்டுக்கு வந்த முதல் இங்கிலீசு. புருசன் பாஸ்கரன் லொறியோடு போனால் ஐந்து நாள் வரமாட்டான், கடதாசி எல்லாம் பெட்டையிடம்தான். பிராணிகளைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போகிறதற்குப் பள்ளிக்கூடம் ஒரு கடதாசி அனுப்பினது. ஆறு வயதுப் பிள்ளை அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, கீழே ஒரு கோட்டுக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாய் ஒரு புள்ளடி போட்டது. வாக்குச் சீட்டில் போடுகிற மாதிரி, குறுக்கே குறுக்கே இரண்டு கோடு. இதிலை போடுங்கோ அம்மா. அம்மா போட்டாள். அதிலிருந்து எல்லாக் கடதாசிக்கும் அப்படித்தான், வீட்டு வாடகை, கரண்ட், வங்கி, டொக்டர், புள்ளடி இருக்கும், அம்மா கையெழுத்துப் போடுவாள், போட்டு முடிந்ததும் பிள்ளை அழிரப்பரால் புள்ளடியை அழிக்கும். என்ன எழுதியிருக்கிறது என்று வதனி ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் பிள்ளை சொல்லுவாள், சொன்னாலும் பாதி விளங்காது, விளங்காததை விளங்கின மாதிரித் தலையாட்ட வேண்டும். அதிலும் பார்க்கக் கேட்காமல் போடுவது லேசு.

தையிலும் ஒன்று போட்டாள். இப்போதுதான் அது நினைவுக்கு வந்தது, வந்த உடனே நெஞ்சுக்குள் ஒரு கதவு அடித்த மாதிரி. தைப்பொங்கலுக்கு அடுத்த நாள், இவள் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நிற்க, பிள்ளை ஒரு தாளை நீட்டினாள். புள்ளடி இருந்தது. என்ன பிள்ளை இது என்று அன்றைக்குக் கேட்டவள்தான், அபூர்வமாகக் கேட்டவள்தான். ஒண்டுமில்லை அம்மா, ஒரு போம். வாசலில் நின்றபடி கதவில் வைத்துப் போட்டாள். அது என்ன போம், என்ன படிவம். படிப்பை நிற்பாட்டுகிறதற்குத் தாய் கையெழுத்துப் போட வேண்டுமோ. அப்படி ஒரு கடதாசி இருக்குமோ இங்கே. அப்படியென்றால் நிற்பாட்டினது நான்தானே. என் கையால். ஆறாம் வகுப்பில் என் படிப்பை நிற்பாட்டினதுக்கு ஆரும் என்னிடம் கையெழுத்துக் கேட்கவில்லை, பிள்ளையின் படிப்புக்கு மட்டும் கேட்டு, நானும் கதவில் வைத்துப் போட்டுக் குடுத்திருக்கிறேனோ. இல்லை, அது பாங்க் கடதாசியாய் இருக்கும். பாங்க் என்றால் பாங்க் என்று சொல்லியிருப்பாளே. பாஸ்கரனுக்கு என்ன சொல்கிறது. அவன் லொறிக்காரர் நிற்கிற இடமெல்லாம் என்ரை மகள் வாற வருசத்துக்கு அடுத்த வருசம் ஆஸ்பத்திரியிலை நிப்பாள் என்று சொல்லித் திரிகிறவன். அடிக்கமாட்டான், ஏசமாட்டான். சாப்பாட்டுக் கோப்பையை மெல்லத் தள்ளி வைத்துவிட்டு எழும்பிப் போவான். அதை நினைக்கத்தான் கூடப் பயம்.

பதினேழு என்று கூப்பிட்டது கேட்காமல் இருந்துவிட்டாள். பவளமக்கா தோளில் தட்டி, கனவு காணாமல் போம் என்றா.

சண்முகரத்தினத்தார் ஊரில் வங்கியில் இருந்தவர். தலையை நிமிர்த்தாமல் கடதாசிகளை வாங்கி ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போனார், பாஸ்கரனின் சம்பளக் கடதாசி, வதனியின் சம்பளக் கடதாசி, வாடகை ரசீது. நிருஜாவின் தாள் வந்ததும் நல்லது என்று ஒரு பக்கம் வைத்தார். அது மேசையின் ஓரத்தில் கிடந்தது. கேட்கலாம், கேட்டால் இவருக்குத் தெரிந்துவிடும், இவருக்குத் தெரிந்தால் வெளியே இருக்கிற பவளமக்காவுக்கும் தெரியும், பிறகு ஸ்காபரோ முழுக்கத் தெரியும். கேட்காமல் விட்டால் பின்னேரம் மூன்று மணிக்கு வேலைக்குப் போய் இரவு பன்னிரண்டு வரையும் பாண் பெட்டியைப் பார்க்கிற இடத்தில் இந்த நாலையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அவர் விரல் தட்டுகிற சத்தம் நின்றது. அவளுடைய வாய்தான் கேட்டது, அவள் கேட்கவில்லை.

“அண்ணை, இதிலை நாலு மாதம் எண்டு கிடக்கே. நாங்கள் எட்டு மாதத்துக்கெல்லே கட்டினனாங்கள்.”

அவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். வரி வருசம் மார்கழியோடு, டிசெம்பரோடை முடிஞ்சுது தங்கச்சி, தையிலை தொடங்கின படிப்பு இந்தக் கடதாசியிலை வராது என்றார். நொவெம்பரிலேயே கட்டியாச்சுதே என்று இவள் சொல்ல, “நீர் எப்ப கட்டினதெண்டு டாக்ஸ்காரன் பாக்கமாட்டான். பிள்ளை எப்ப படிச்சதெண்டுதான் பாப்பான். அந்த நாலு மாதம் அடுத்த வருசக் கடதாசியிலை வரும்” என்றார். இந்த நாலு மாதக் காசை இரண்டு தரம் கூட்டினாலும் மூவாயிரத்துத் தொளாயிரம் வராதே என்றும் கேட்டாள், கேட்கத் தொடங்கினால் பிறகு கேட்டுக்கொண்டேதான் போகும் போலிருந்தது. பஸ் பாஸ், பல் வைத்தியக் காப்புறுதி, அடையாள அட்டை எல்லாத்துக்கும் சேர்த்துத்தானே கொலிஜ் அறவிட்டது, படிப்புக் காசு மட்டும்தான் சலுகைக்கு வரும் என்று அவர் சொன்னார். ஆயிரத்து எண்ணூற்றி எழுபத்து நாலுக்கு நூற்றுக்குப் பதினைஞ்சு. இருநூற்றி எண்பத்தொரு டொலர். பிள்ளை போன வருசம் உழைக்கேல்லை, அதாலை அந்தச் சலுகை பிள்ளைக்குப் பிரயோசனமில்லை, தேப்பனின்ரை வரியிலை கழிக்கலாம்.

எண்பத்தொன்று என்று சொன்னது மட்டும் காதில் நின்றது. மூச்சு வந்தது. அப்போ இந்த வெறும் கோடு பொய்யில்லை, அது இன்னும் வராத வருசம், அவ்வளவுதான். நான் என்ன பைத்தியக்காரி, பெற்ற பிள்ளையை மோலில் கொண்டுபோய் இருத்தி வைத்தேன். கண் கலங்கப் பார்த்தது, மிளகாய்த்தூள் என்று மூக்கைத் துடைத்தாள். கதிரையில் சாய்ந்தாள். சாய்ந்து இரண்டு மூச்சு விட்டிருப்பாள். எப்ப படிச்சதெண்டுதான் பாப்பான். அப்படியென்றால் தையிலிருந்து பிள்ளை படித்தாளா இல்லையா என்பது இந்தக் கடதாசிக்குத் தெரியாது. இந்தக் கடதாசி இல்லை என்று சொல்லவில்லை, ஓம் என்றும் சொல்லவில்லை. அப்ப தையிலையிருந்து படிச்சதெண்டதை எப்ப அறியலாம் அண்ணை என்று, கடதாசியைப் பற்றிக் கேட்கிற மாதிரிக் கேட்டாள். வாற மாசியிலை, அடுத்த பெப்ரவரியிலை என்றார் அவர், தட்டிக்கொண்டே. இன்னும் பதினொரு மாதம். பதினொரு மாதம் ஏழு பத்துக்குக் கதவு சாத்துகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்க வேண்டும். எண்ணெய் மணம் போகவில்லை. பெப்ரவரிக் கிழமை போகவில்லை. தைக் கையெழுத்துப் போகவில்லை. எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன.

சண்முகரத்தினத்தார் ஒரு தாளை அவள் பக்கம் திருப்பினார். சலுகையைத் தேப்பனுக்கு மாற்றுகிறதென்றால் பிள்ளையின் சம்மதம் வேண்டும், இதிலை பிள்ளை கையெழுத்து. பேனையையும் நீட்டினார். “நீரே போட்டுவிடும், தங்கச்சி. இஞ்சை வாற தாய்மார் எல்லாரும் அப்படித்தான். ஒருத்தரும் பூதக்கண்ணாடி வைச்சுப் பாக்கிறேல்லை.” போடலாம். நிருஜாவின் கையெழுத்து அவளுக்குத் தெரியும், முதல் எழுத்தைச் சுழித்து அடியில் ஒரு வால் விடுவாள். பேனை விரலில் இருந்தது. போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு வைக்கலாம். கேட்காமல் போடுவது லேசு. இவ்வளவு காலமும் அதைத்தானே செய்தது. இல்லை அண்ணை, அவளே போடட்டும், நான் கொண்டு போய் வாங்கிக்கொண்டு வாறன் என்று சொன்னது தன் குரல்தான் என்று அவளுக்கே பிறகுதான் பட்டது. அவர் தோளைக் குலுக்கி, ஒரு மணி வரையும் நிப்பன் என்றார். எழும்பினவள் திரும்ப நின்றாள். அண்ணை, பென்சில் ஒண்டு இருக்கோ. மேசை லாச்சிக்குள் தேடி ஒரு கட்டைப் பென்சில் எடுத்துக் குடுத்தார். எந்த இடம் என்று கேட்டு, அவர் காட்டின கோட்டுக்குப் பக்கத்தில், மெல்ல, சின்னதாய், ஒரு புள்ளடி போட்டாள்.

பஸ்ஸில் ஏறின பிறகுதான் அது தட்டியது. அந்தக் கொலிஜுக்குள் அவள் ஒருநாளும் போனதில்லை. சேர்க்கிற அன்றைக்குப் பாஸ்கரன் போனான், இவளுக்கு வேலை, வேலை இல்லாவிட்டாலும் போயிருக்கமாட்டாள், அங்கே ஆராவது ஏதாவது கேட்டால் என்ன சொல்கிறது. போனில் குரல் பதிந்து அனுப்பினாள், பிள்ளை, ஒரு கையெழுத்து வேணும், நான் உன்ரை கொலிஜுக்கு வாறன், எங்கை நிக்கிறாய். அனுப்பின குறி வந்தது, பார்த்த குறி வரவில்லை. மூன்று தரிப்பு போனது. வகுப்பில் இருந்தால் பார்க்கமாட்டாள். மோலில் இருந்தால் பார்த்திருப்பாள். நித்திரையென்றால் பார்க்கமாட்டாள். பார்க்காதது நல்லதுக்கா கெட்டதுக்கா. சன்னலுக்கு வெளியே உருகின பனி கறுப்பாய்க் குவிந்து கிடந்தது. இறங்காமல் இதிலேயே கடைசி வரையும் போய்த் திரும்பி வந்துவிடலாம், ஆரும் கேட்கமாட்டார்கள், கையெழுத்தை இரவு வீட்டில் வாங்கலாம், ஏன் வீட்டில் வாங்கக் கூடாது. அதற்குள் பஸ் நின்றது, பிள்ளைகள் இறங்கினார்கள், நடுவில் அகப்பட்டு அவளும் இறங்கினாள், அவர்கள் போன வாசலால் அவளும் போனாள், ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. எல்லார் முதுகிலும் பை. எல்லாரும் நிருஜாவின் வயது. ஒரு முகமும் நிருஜா இல்லை. சூடு முகத்தில் அடித்தது, சூட்டோடு ஒரு மணமும் வந்தது. அவள் நின்றுவிட்டாள். அந்த மணம். ஜக்கற்றில் இருந்த அதே பொரித்த எண்ணெய். ஓடை மாதிரி நீண்டுபோன வழியில் மணம் வந்த பக்கமாய் நடந்தாள், அங்கே ஒரு பெரிய சாப்பாட்டு மண்டபம், கண்ணாடிக்குப் பின்னால் மூன்று பேர் நின்றார்கள், நடுவில் நின்ற பெட்டை கிழங்குப் பொரியலைக் கரண்டியால் அள்ளிக் கொட்டிக்கொண்டு நின்றது. தலையில் வலைத்தொப்பி. பாண் பக்டரியில் வதனி போடுகிற அதே வெள்ளை வலைத்தொப்பி, அதே இலாஸ்ரிக், காதை அமத்திக்கொண்டு.

அப்ப இதுதான். நினைத்தது எல்லாம் வந்துவிட்டது என்ற ஆறுதல் மாதிரி ஒன்று வந்தது. தூணைப் பிடித்துக்கொண்டாள். நிருஜா நிமிர்ந்தாள். அம்மாவைக் கண்டாள். கரண்டியை வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றவளிடம் ஏதோ சொல்லி, கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“எப்ப விட்டனீ?” என்றாள் வதனி.

“என்னத்தை?”

“படிப்பை.”

நிருஜா கொஞ்ச நேரம் விளங்காமல் பார்த்தாள். விளங்கினதும் சிரிக்கவில்லை. பன்னிரண்டுக்கு வகுப்பு இருக்கு அம்மா, இப்ப பதினொன்றரை, எட்டிலிருந்து இதிலை நிக்கிறன், தையிலையிருந்து என்று ஒன்றன்பின் ஒன்றாய்ச் சொன்னாள். பெப்ரவரியில் ஒரு கிழமை என்று வதனி இழுக்க, அது லீவுதான், இங்கே ஆள் போதாதென்று கூப்பிட்டவை என்றாள். படிக்கிற காலத்தில் வேலை வேண்டாம் என்று அப்பா சொன்னது தெரியும், அதாலைதான் சொல்லேல்லை.

“ஏன் பிள்ளை. காசு காணாதோ.”

“நீங்கள் ஒரு பக்கத்தாலை சாப்பிடுறது எனக்குத் தெரியாதெண்டு நினைச்சனீங்களோ.”

நாக்கு பல்லுக்குப் போனது, போய் அங்கேயே நின்றது. வதனி தாளை எடுத்து நீட்டினாள். நிருஜா பழக்கத்தில் வாசிக்கத் தொடங்கினவள், கோட்டுக்குப் பக்கத்தில் கண் போனதும் நிறுத்தினாள். ஆர் இந்தப் புள்ளடி போட்டது என்று கேட்டாள். நான்தான், அதிலை போடு என்றாள் வதனி. பிள்ளை தூணில் வைத்துப் போட்டாள், முதல் எழுத்தைச் சுழித்து, அடியில் வால் விட்டு. இருநூற்றி எண்பத்தொரு டொலர், அப்பாவின்ரை வரியிலை கழியும் என்று வதனி சொன்னாள், அதைச் சொல்ல அவளுக்கு ஏனோ நல்லாய் இருந்தது.

வாங்கோ, என்ரை வகுப்பைக் காட்டுறன் என்றாள் நிருஜா. கதவு வரைக்கும் வந்து கண்ணாடியால் பாருங்கோ. பார்க்கலாம். பார்த்தால் அந்த இரண்டாம் வரியை இப்போதே கண்ணால் கண்ட மாதிரி, மாசி வரையும் காத்திருக்கத் தேவையில்லை. வேண்டாம், நீ போ, எனக்கு ஒரு மணிக்கு முதல் இதைக் குடுக்கவேணும் என்றாள். தைக் கடதாசி என்னவென்றும் கேட்கவில்லை, கேட்கலாம், ஒரு நாள் கேட்பாள். நிருஜா வலைத்தொப்பியைக் கழற்றினாள். நெற்றிக்குக் குறுக்கே சிவப்பாய் ஒரு கோடு, இலாஸ்ரிக் கிடந்த இடம். “நில்லு” என்று வதனி பெருவிரலால் அதைத் துடைத்தாள். துடைத்தால் அது போகாது, போக ஒரு மணித்தியாலம் செல்லும் என்று தினமும் இரவு கண்ணாடியில் பார்க்கிறவளுக்குத் தெரியும். என்றாலும் துடைத்தாள்.